ஆகும் என்று எழுதிய தண்ணீர்

1808இல் மதராஸ் அரசின் சார்பில் பெரியாற்று மலைகளை ஆராய்ந்த கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல், தமது அறிக்கையில் ஒரே சொல்லால் அந்தத் திட்டத்தின் கதையை முடித்துவிட்டார். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழும் ஆற்றைக் கிழக்கே வைகைக்குத் திருப்பும் யோசனை ‘கைமெரிக்கல்’. மேற்கொண்டு கவனிக்கக்கூடத் தகுதியற்றது. கிரேக்கப் புராணத்தில் கைமெரா என்றொரு பிராணி உண்டு. சிங்கத்தின் தலை, ஆட்டின் உடல், பாம்பின் வால். உலகில் இருக்கவே முடியாத ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு அதை நம்பித் திட்டம் போடுகிறவர்களுக்காக ஆங்கிலம் வைத்திருக்கும் சொல் அது. 87 ஆண்டுகள் கழித்து, 1895 அக்டோபரில், ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைக்க, பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது.

நூறு ஆண்டு கழித்து, 1995இல், அதே மலைத்தொடரைப் பற்றி இன்னோர் அறிக்கை வந்தது. எழுதியது மத்திய அரசின் தேசிய நீர் மேம்பாட்டு முகமை. கேரளத்தின் பம்பா, அச்சன்கோவில் ஆறுகளின் நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே வைப்பாற்றுப் படுகைக்குக் கொண்டுவரலாமா என்பது கேள்வி. ‘ஃபீசிபிள்’ என்பது பதில். ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர், நம் பேச்சு வழக்கில் 22 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். அந்தப் பதில் வந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு கூடை மண்கூட வெட்டப்படவில்லை.

முடியவே முடியாது என்ற திட்டத்தில் தண்ணீர் ஓடுகிறது. முடியும் என்ற திட்டம் அலமாரியில் இருக்கிறது. இதற்கு அரசியல் என்று ஒரு வார்த்தையில் காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த இரண்டு அறிக்கைகளும் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னன, எதைக் கேட்காமலே விட்டன என்று பார்த்தால், அரசியல் எந்த இடத்தில் நுழைந்தது என்பதும் சேர்ந்து தெரியவரும்.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே பார்த்தால் கண்ணை மறைத்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் முதுகுக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. இந்தப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். ஆண்டு சராசரி 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துபோகிறது. பெரியாறு பிறப்பதே ராஜபாளையத்துக்குத் தெற்கே உள்ள சிவகிரி மலைகளில்தான். அங்கே பிறந்து வடக்கே நடந்து, அணையில் தேங்கி, சுரங்கம் வழியாகத் தேனிக்கும் மதுரைக்கும் சிவகங்கைக்கும் போகிறது. அது பிறக்கும் மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர்களுக்கு அதில் ஒரு சொட்டு கிடையாது. வத்திராயிருப்புக்கு மேலே பிளவக்கல்லில் இருக்கும் இரண்டு அணைகளில் ஒன்றுக்குப் ‘பெரியாறு அணை’ என்று பெயர். வெளியூர்க்காரர்கள் முல்லைப் பெரியாறு என்று நினைத்துக்கொள்வார்கள். பெயராவது ஒத்துப்போகிறதே என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். ராஜபாளையத்துப் பி.எஸ். குமாரசாமி ராஜாவையும் விருதுநகர்க் காமராஜரையும் முதலமைச்சர்களாகத் தந்த இந்த வட்டாரத்துக்கு ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட வாய்க்கவில்லை. வைப்பாறு மழை பெய்தால் ஆறு, மற்ற மாதங்களில் மணல்.

அதனால் இங்கே தண்ணீர்த் திட்டம் என்றால் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அழகர் அணை, சிவகிரிப் பக்கம் செண்பகவல்லி அணை, எல்லாவற்றுக்கும் மேலே பம்பா–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்பு. தேர்தல் வந்தால் இந்த மூன்று பெயர்களும் மேடை ஏறும். ‘சாத்தியக்கூறு அறிக்கை தயாராகிவிட்டது’ என்ற வாக்கியமும் கூடவே ஏறும். கேட்பவர்கள் அதை ‘வேலை தொடங்கப்போகிறது’ என்று எடுத்துக்கொள்வார்கள். சொல்பவர்களுக்கும் அப்படி எடுத்துக்கொள்ளப்படுவதில் ஆட்சேபம் இருப்பதில்லை.

ஆங்கிலத்தில் ஒரு திட்டம் நடக்குமா என்று எடைபோட ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. அவை வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்தவை. ‘ஃபீசிபிள்’ பழைய பிரெஞ்சில் ‘செய்’ என்ற வினையிலிருந்து வந்தது. செய்யக்கூடியது, அவ்வளவுதான் அதன் ஆதிப் பொருள். ‘வயபிள்’ பிரெஞ்சில் உயிர் என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்கள் அதைக் குறைமாதக் குழந்தைக்குப் பயன்படுத்தினார்கள்: பிறந்துவிட்டது சரி, பிழைத்துக் கிடக்குமா? பிறகுதான் அது கம்பெனிகளுக்கும் திட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. ‘பிராக்டிகபிள்’ என்ற சொல்லுக்கு ராணுவத்தில் ஒரு தனி வாழ்க்கை இருந்தது. கோட்டை மதிலைப் பீரங்கியால் உடைத்த பிறகு, அந்த உடைப்பின் வழியாகச் சிப்பாய்கள் ஏறி உள்ளே போக முடியுமானால் அந்த உடைப்பு ‘பிராக்டிகபிள்’. மதில் உடைந்தது வேறு, ஆள் நுழைவது வேறு. இந்த வேறுபாடுகளை ஆங்கிலேயரே சரியாகக் காப்பாற்றவில்லை. 1926இல் ஃபவுலர் தமது ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் ‘ஃபீசிபிள்’ என்ற சொல்லை வெறுமனே ‘நேரக்கூடியது’ என்ற பொருளில் வீணடிக்கிறார்களே என்று சலித்துக்கொண்டார்.

நம் அரசு அலுவலகங்கள் இந்தச் சொற்களில் ஒன்றை மட்டும் தத்தெடுத்துக்கொண்டன. முன் சாத்தியக்கூறு அறிக்கை, சாத்தியக்கூறு அறிக்கை, விரிவான திட்ட அறிக்கை என்று படி வைத்து ஏறும் முறையில் நடுப்படிக்குப் பெயர் ‘ஃபீசிபிலிட்டி ரிப்போர்ட்’. மொத்தப் பாரமும் அந்த ஒரு சொல்லின் தலையில்.

சம்சாரிகளின் பேச்சில் இந்தக் குழப்பம் இல்லை. ஆயிரம் அடிக்குப் போர் போட்டால் தண்ணீர் வரும் என்று ஒருவர் சொன்னால், அது ‘ஆகிற காரியம்’. அவ்வளவு ஆழத்திலிருந்து மோட்டார் வைத்து இழுத்துப் பருத்திக்குப் பாய்ச்சினால் ‘கட்டுப்படியாகுமா’ என்பது அடுத்த கேள்வி. கட்டுப்படியானாலும், பக்கத்து நிலத்துக்காரர் தம் வரப்பு வழியாகக் குழாய் கொண்டுபோக விட்டால்தான் அது ‘நடக்கும்’. மூன்று கேள்விக்கும் மூன்று விதமான ஆள் பதில் சொல்ல வேண்டும். முதலாவது பொறியாளருக்கு, இரண்டாவது கணக்குப் பார்ப்பவருக்கு, மூன்றாவது பக்கத்து நிலத்துக்காரருக்கு. ‘சாத்தியக்கூறு’ என்ற அலுவலகத் தமிழ் இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது.

இனி 1995 அறிக்கைக்கு வரலாம். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1972இல் மத்திய அமைச்சர் கே.எல். ராவ் கங்கை–காவிரி இணைப்பை முன்வைத்தார்; 2,640 கிலோமீட்டர் நீளம். 1977இல் கேப்டன் தஸ்தூர் நாட்டைச் சுற்றி மாலைபோல் கால்வாய் வெட்டும் யோசனையைச் சொன்னார். முன்னதற்கு நீரை மேலேற்றும் மின்சாரச் செலவு எமனாக வந்தது. பின்னது தொழில்நுட்ப அளவிலேயே நிற்காது என்று நிபுணர்கள் ஒதுக்கினார்கள். அதற்குப் பிறகு 1980இல் மத்திய நீர்ப்பாசன அமைச்சகம் ஒரு தேசியத் தொலைநோக்குத் திட்டத்தை வகுத்தது. அதை விரிவாக ஆராய 1982 ஜூலையில் தேசிய நீர் மேம்பாட்டு முகமை அமைந்தது. தீபகற்ப இந்தியாவுக்கென்று வகுத்த 16 இணைப்புகளில் பம்பா–அச்சன்கோவில்–வைப்பாறு ஒன்று. பெரிய பெரிய கனவுகளைச் சின்னச் சின்ன, அளக்கக்கூடிய துண்டுகளாக்கியதுதான் முகமையின் சாதனை. இந்தத் துண்டு அவற்றில் மிக எளிதானவற்றுள் ஒன்று என்றே பொறியாளர்கள் கருதினார்கள்.

திட்டம் இதுதான். பம்பாவின் கிளையான கல்லாற்றில் புன்னமேடு என்ற இடத்தில் ஓர் உயரமான அணை. அச்சன்கோவிலின் கிளையில் சித்தார் மூழியில் இன்னொன்று. இரண்டும் 150 மீட்டர் உயரத்தைத் தொடுகிறவை. அச்சன்கோவில் ஆற்றில் சிறியதாக மூன்றாவது அணை. மூன்றையும் சுரங்கங்களால் கோத்து, மலையின் குறுக்கே இன்னொரு சுரங்கம் போட்டுச் செங்கோட்டைக்கு மேலே மேக்கரைப் பக்கம் தண்ணீரை வெளியே விடுவது. அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் கால்வாய். பழைய திருநெல்வேலி மாவட்டம், தூத்துக்குடி, விருதுநகர் என்று 91,400 ஹெக்டேர் பாசனம் பெறும். கூடவே 500 மெகாவாட் அளவுக்கு உச்சநேர மின்சாரம். செலவு அன்றைய விலையில் ஏறக்குறைய 1,400 கோடி ரூபாய்.

பொறியியலாகப் பார்த்தால் இதில் விசித்திரம் ஏதுமில்லை. நூறாண்டுக்கு முன்பே இதே மலையை ஒருமுறை குடைந்தாகிவிட்டது. ஆக, முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவது கேள்விக்கும் ஒரு விடை இருந்தது. பெரும் பாசனத் திட்டங்களில் போடும் ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய்ப் பலன் வர வேண்டும் என்பது நம் நாட்டு விதி. வறட்சிப் பகுதியென்றால் ரூபாய்க்கு ரூபாய் வந்தாலே போதும். கட்டுப்படியாவது என்பதன் அளவுகோலே ஊருக்கு ஊர் மாறும்படி அரசே வைத்திருக்கிறது. இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் காவிரி டெல்டாவைத் தவிர வேறெங்கும் வாய்க்கால் வெட்டக் கணக்கு இடம் தராது.

மூன்றாவது கேள்வி பக்கத்து நிலத்துக்காரருடையது. அதற்கு அந்த அறிக்கையிடம் விடை இல்லை. விடை தருவது அதன் வேலையும் இல்லை. அந்த இரு ஆறுகளிலும் 3,000 மில்லியன் கன மீட்டருக்கு மேல் உபரி இருக்கிறது, ஐந்தில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறோம் என்று முகமை கணக்கிட்டது. கோடையில் உப்பைத் தடுக்க 150 மில்லியன் கன மீட்டர் நீர் திறந்துவிடலாம் என்றும் எழுதியது. கேரளம் உபரி என்ற சொல்லையே ஏற்கவில்லை. எந்த முன்னணி ஆண்டாலும் இந்த நிலைப்பாடு மாறியதில்லை.

ராஜபாளையத்துக்காரர் காதில் இது பிடிவாதமாக விழும். வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீர்தானே என்பார். ஆனால் பம்பாவும் அச்சன்கோவிலும் நேரே கடலில் விழுவதில்லை. குட்டநாட்டின் வழியாக வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. குட்டநாடு கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற நிலம். மழைக்காலத்தில் இந்த ஆறுகள் கொண்டுவரும் நன்னீர்தான் காயலில் ஏறியிருக்கும் உப்பைக் கழுவித் தள்ளுகிறது. கோடையில் உப்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கத்தில் மதகுகள் கொண்ட தடுப்பையே கட்டி வைத்திருக்கிறார்கள். அது 1970களின் நடுவிலிருந்து இயங்குகிறது. அந்தத் தடுப்பு காயலின் மீன்வளத்துக்குச் செய்த கெடுதல் பற்றி அங்கே இன்றும் சண்டை ஓயவில்லை. ஆற்றின் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கிடைக்கும் ஒரு சராசரி எண்ணை வைத்து உபரி என்று சொல்வதற்கும், மார்ச் மாதத்துக் காயலில் நின்று உபரி என்று சொல்வதற்கும் உள்ள தூரம் பெரிது. 2018 ஆகஸ்டில் பம்பா ஊரையே விழுங்கியபோது ‘பார்த்தீர்களா, உபரி’ என்று இங்கே சிலர் பேசினார்கள். வெள்ளத்தை வைத்து உபரியை நிறுவுவது, ஒருநாள் விருந்தை வைத்து வீட்டுச் சம்பளத்தைக் கணிப்பது மாதிரி.

இதனால் கேரளம் சொல்வது முழுக்கச் சரி என்று ஆகிவிடாது. அவர்கள் எண்களும் எதிர்காலத் தேவையைத் தாராளமாகக் கூட்டிப் போட்டவை என்ற வாதத்துக்கு இடமுண்டு. நான் சொல்ல வருவது, ‘ஃபீசிபிள்’ என்ற தீர்ப்பு இந்த வழக்கை விசாரிக்கவே இல்லை என்பது.

இப்போது கால்டுவெல்லிடம் திரும்புவோம். அவர் முட்டாள் அல்ல. மலை விளிம்பை வெட்டித் தண்ணீரைக் கிழக்கே விட வேண்டுமானால் நூறு அடிக்கு மேல் ஆழமாகப் பாறையைப் பிளக்க வேண்டும் என்று அவர் கண்டார். கையில் உளியும் வெடிமருந்தும் மட்டும் இருந்த 1808இல் அது நடவாத காரியம்தான். அதற்கும் முன்பு, 1789இல், ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பிப் பார்த்தார். பணம் இல்லாமல் அந்த யோசனை நின்றது. கவனிக்கலாம்: ஒருவரை நிறுத்தியது செலவு, இன்னொருவரை நிறுத்தியது கருவி. 1850இல் ஒரு சிறிய முயற்சி தொடங்கி, காய்ச்சலிலும் ஆள் பஞ்சத்திலும் கைவிடப்பட்டது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் மண் அணைக்கு வரைபடம் போட்டார். அதே ஆண்டு ஐரோப்பாவில் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. அதுவரை செலவாகத் தெரிந்த பாசனம், பஞ்ச நிவாரணத்தோடு ஒப்பிட்டபோது சேமிப்பாகத் தெரியத் தொடங்கியது. 1882இல் பொறியாளர் பென்னிகுயிக்கிடம் திட்டம் கைமாறியபோது முதல் கேள்வியும் இரண்டாம் கேள்வியும் விடை மாறிப்போயிருந்தன. கால்டுவெல்லின் சொல் ஆற்றைப் பற்றியதாக ஒலித்தது. அது அவர் காலத்துக் கருவிப்பெட்டியைப் பற்றியது.

மூன்றாம் கேள்வி அப்போதும் இருந்தது. பெரியாறு திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஆறு. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1886 அக்டோபர் 29 அன்று 8,000 ஏக்கரை 999 ஆண்டுக்குக் குத்தகைக்கு விட்டு சமஸ்தானம் கையெழுத்திட்டது. மனமுவந்து போட்ட கையெழுத்து என்று யாரும் சொன்னதில்லை. கேட்டவர் பேரரசு, கொடுத்தவர் அந்தப் பேரரசின் ரெசிடெண்ட்டை அரண்மனைக்கு வெளியே வைத்துக்கொண்டு ஆண்டவர். முல்லைப் பெரியாறு ‘பிராக்டிகபிள்’ ஆனதில் பென்னிகுயிக்கின் சுண்ணாம்புக்கும் கல்லுக்கும் எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்த ஏற்றத்தாழ்வுக்கும் உண்டு. நாம் பென்னிகுயிக்குக்கு மண்டபம் கட்டிப் பொங்கல் வைக்கிறோம், தகும். அந்த ஏற்றத்தாழ்வைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கேரளத்தில் அதைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள்.

பேரரசு போன பிறகு பக்கத்து நிலத்துக்காரரைச் சம்மதிக்கவைத்த எடுத்துக்காட்டு நம்மிடம் இல்லாமல் இல்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம். காமராஜர் காலத்தில் தொடங்கியது. முறையான ஒப்பந்தம் 1970 மே 29 அன்றுதான் கையெழுத்தானது, ஆனால் 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். வேலை முன்னே போக, பத்திரம் பின்னே வந்தது. அது முடிந்ததற்குக் காரணம் ஒப்பந்தத்தில் கேரளத்துக்கு வெறும் ஆறுதல் தராமல் எண் தந்ததுதான்: சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி., சோலையாற்றில் 12.3 டி.எம்.சி. அந்த எண்களைப் பற்றி இன்றும் இரு தரப்பும் கோடைதோறும் சச்சரவிடுகின்றன. சச்சரவிட ஓர் எண் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். பம்பா இணைப்பில் கேரளத்துக்கு எது எவ்வளவு, யார் அளப்பது, வறண்ட ஆண்டில் யார் முதலில் விட்டுக்கொடுப்பது என்பவற்றில் இரு மாநிலங்களும் உட்கார்ந்து பேசிய கட்டமே வரவில்லை. தண்ணீர், அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 17ஆம் இனம். ஒரு மாநிலம் உட்கார மறுத்தால் விரிவான திட்ட அறிக்கை என்ற அடுத்த படிக்கே போக முடியாது.

இன்னொன்றும் நடந்துவிட்டது. அறிக்கை அங்கேயே நிற்க, அளவுகோல் நகர்ந்துவிட்டது. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காடு என்ற சொல்லுக்கே விரிந்த பொருள் கொடுத்தது. அனுமதியின்றி மரத்தில் கைவைக்க முடியாத நிலை வந்தது. பம்பா திட்டம் ஏறக்குறைய 2,000 ஹெக்டேர் காட்டை மூழ்கடிக்கக்கூடியது. 2002இல் வேம்பநாட்டுக் காயல் பாதுகாக்க வேண்டிய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மலைக்கு இந்தப் பக்கமும் அதே கதை. சாம்பல் நிற அணிலுக்காக 1980களின் இறுதியில் சரணாலயமான ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு, 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாகிவிட்டது. அழகர் அணை கேட்டுப் போராடுகிறவர்களுக்கு இனி கேரளம் மட்டும் எதிர்த்தரப்பு அல்ல. தங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய காப்பகமும் எதிரே நிற்கிறது. அந்தக் காடு இல்லாவிட்டால் ராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வரும் ஓடைகளும் இல்லை என்பது வேறு சிக்கல்.

1995இல் சரியாக இருந்த விடை 2025இல் சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கால்டுவெல்லின் ‘முடியாது’ காலாவதியானதுபோல முகமையின் ‘முடியும்’ என்பதும் காலாவதியாகக்கூடியதே. ஆனால் நம் மேடைகளில் அந்த அறிக்கை பட்டா நிலத்துப் பத்திரம்போல நீட்டப்படுகிறது.

கடைசியாகச் செண்பகவல்லி. சிவகிரிக்கு மேலே, மலையின் முகட்டுப் பகுதியில், மேற்கே சரியும் ஓடைநீரைக் கிழக்கே திருப்பிவிடும் பழைய தடுப்புச் சுவர் அது. 1733இல் சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூரும் பேசிக் கட்டியது என்பது அந்தப் பக்கத்து வழக்கு. 1960களில் வெள்ளத்தில் உடைந்தது. சுரங்கம் வேண்டாம், 150 மீட்டர் அணை வேண்டாம். இரு நூற்றாண்டுக்கு மேல் வேலை செய்து காட்டிய சுவர், எனவே ஆகுமா என்று யாரும் அறிக்கை எழுத வேண்டியதில்லை. உடைப்பை அடைக்கும் செலவும் அரசுக்கு ஒரு பொருட்டல்ல. உடைந்த இடம் கேரள வனத்துறையின் எல்லைக்குள் இருக்கிறது. வாசுதேவநல்லூர், சிவகிரி விவசாயிகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்த எல்லைக்குள் கொத்தனாரும் சிமெண்ட் மூட்டையும் போக ஓர் அனுமதி.